வீசிங் காலம்

ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை விளக்கெல்லாம் பரண் ஏறியதும் தமிழ்நாட்டின் பாதி வீடுகளில் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். விடிகாலை மூன்று, நான்கு மணி இருக்கும். படுத்திருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில். பாட்டிகள் அதை இளைப்பு என்றார்கள், இழுப்பு என்றார்கள். இன்று கிராமத்திலும் அதற்குப் பெயர் 'வீசிங்'தான். மருந்துக்கடையில் இருமல் டானிக்கும், நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தையும், தெருமுனை கிளினிக்கில் நெபுலைசரும் ஓய்வில்லாமல் ஓடும். தை, மாசி வரை இதே கதை.

அலர்ஜி சீசன் என்றால் வசந்த காலம், பூக்கள், மகரந்தம் என்று அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் வைத்து எழுதப்பட்ட குறிப்புகள் நமக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். மகரந்தம் இங்கேயும் உண்டு. சீமைக் கருவேலம் பூக்கும் ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1950-களில் அமெரிக்கக் கோதுமையோடு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் பார்த்தீனியம், மழை பெய்த மறு மாதமே கொங்கு நாட்டுக் காலி மனைகளை வெள்ளையாக்கிவிடுகிறது. ஆனால் நம் ஊரில் நெஞ்சை அடைக்கிற விஷயங்களில் பெரும்பாலானவை வீட்டுக்குள்தான் இருக்கின்றன. மழையில் ஊறிய சுவரில் பூஞ்சை பூக்கிறது. குளிருக்கு ஜன்னலைச் சாத்துகிறோம். பத்து மாதம் பரணில் கிடந்த கம்பளி கீழே இறங்குகிறது. கொசு பெருகுகிறது, கொசுவத்தி ஏற்றுகிறோம். மார்கழியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்பதால், வெளியே கிளம்பும் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்குகிறது. அதன் மேல் போகி.

இந்தக் காலத்தை இயற்கையான முறையில் சமாளிக்க முடியுமா என்று கேட்காத குடும்பம் இல்லை. முடியும், கணிசமாகவே முடியும். ஆனால் அந்தக் கேள்வி எப்போதும் 'என்ன குடிக்கலாம்?' என்றே முடிகிறது. நுரையீரலுக்குள் போவது கஷாயம் இல்லையே, காற்று. ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, சளியில் சிக்கிய தூசியைத் தொண்டை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் உறுப்பு அது. நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, பெருக்கப் பெருக்கக் குப்பை கொட்டாமல் இருப்பது. எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்னால் எதை நிறுத்துவது என்று பார்ப்பதே சரியான வரிசை.

வீட்டுக்குள் ஏற்றும் புகை

முதலில் கொசுவத்தி. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுக்க எரிந்து தீரும்போது வெளியேறும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் வரும் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். சிகரெட் பிடிக்கும் மாமாவை வாசலுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, குழந்தையின் கட்டிலுக்கு அடியில் சுருளை வைக்கிறோம். கொசுவும் ஆபத்துதான், டெங்கு விளையாட்டில்லை. அதற்குப் பழைய பதில் இருக்கிறது: கொசுவலை. ஜன்னலுக்குக் கம்பிவலை அடிப்பது ஒருமுறைச் செலவு. மின்சாரத்தில் செருகும் திரவக் கொசுவிரட்டியில் புகை இல்லை என்றாலும், அந்த வாசனையே சிலருக்கு இருமலைக் கிளப்பும்.

அடுத்து எழுதப்போவதற்கு வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்பு. குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தை, அலர்ஜி உள்ள வீட்டில் கைவிடுவது நல்லது. சளி பிடிக்கக் கூடாதென்று செய்கிறோம். உள்ளே போவது புகை. நல்ல துண்டால் துவட்டினாலே முடி உலர்ந்துவிடும். 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்று விற்கிறார்களே, அதில் கம்ப்யூட்டரும் கிடையாது, பல நேரம் சாம்பிராணியும் குறைவு. கரித்தூளும் வாசனையுமாக எரிகிறது. ஊதுபத்தியும் அப்படியே. சாமிக்கு விளக்கும் பூவும் போதாதா என்று கேட்டால் சண்டை வரும். குறைந்தபட்சம் ஜன்னலைத் திறந்து வைத்து ஏற்றலாம், பிள்ளை தூங்கும் அறையில் ஏற்றாமல் இருக்கலாம்.

விறகடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பட்டியல் நகராது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளின் காற்றைப் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். வீட்டுப் புகை பெண்களின் நுரையீரலுக்கும் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் என்ன செய்கிறது என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. காஸ் சிலிண்டர் வந்த வீட்டிலும் வெந்நீர் வைக்க விறகு, நெல் அவிக்க விறகு என்று அடுப்பு அணைவதில்லை. சிலிண்டர் விலை அப்படி.

போகி ஒரே ஒரு காலைதான். ஆனால் அந்தக் காலையின் கணக்கு வேறு. 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. காற்றில் நுண்துகள் ஒரு நாளில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய வரையறை. உலக சுகாதார நிறுவனம் 15 போதும் என்கிறது. டயரும் பிளாஸ்டிக் பாயும் பழைய மெத்தையும் எரியும் தெருவில் இந்த எண்களுக்கெல்லாம் அர்த்தமே இல்லை. சென்னையில் இப்போது மாநகராட்சியே போகிக்கு முன்பு பழைய துணி, டயரை வாங்கிக்கொள்கிறது, கொடுத்துவிடலாம். இளைப்பு உள்ளவர்கள் அன்று காலை பத்து மணி வரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மார்கழி விடியலில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கும் அதேதான்: வெயில் ஏறிய பிறகு நடந்தால் தெருவில் தங்கிய புகை கலைந்திருக்கும்.

மெத்தைக்குள் குடியிருப்பவை

வீட்டுத் தூசி அலர்ஜி என்று பொதுவாகச் சொல்லிவந்ததன் உண்மைக் குற்றவாளியை 1964-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற இரு ஆய்வாளர்களும் அவர்களின் சகாக்களும் அடையாளம் காட்டினார்கள். தூசிப்பூச்சி. சிலந்தி இனத்தைச் சேர்ந்த, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள உயிரி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. நம்மைக் கடிக்காது, அதன் எச்சத்தில் உள்ள புரதம்தான் மூக்கையும் மூச்சுக்குழலையும் கிளறிவிடுகிறது. ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர ஊர்கள் அதற்குச் சொர்க்கம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வருஷம் முழுக்க இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பெருகி நிற்கிறது.

மொட்டைமாடியில் மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்த தலைமுறைக்கு இந்தப் பூச்சியின் பெயர் தெரியாது, வைத்தியம் தெரிந்திருந்தது. சூடும் வறட்சியும் அதற்கு ஆகாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது என்பது வேறு பிரச்சினை. வெயில் கிடைத்தால் வாரம் ஒருமுறை போடுங்கள், ஆனால் தட்டுகிற வேலையை இளைப்பு உள்ளவர் செய்யக் கூடாது. பூச்சி செத்தாலும் எச்சம் அங்கேயேதான் இருக்கும் என்பதால் துவைப்பதும் முக்கியம். விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் 60 டிகிரி வெந்நீரில். பரணிலிருந்து இறங்கிய கம்பளியைத் துவைத்துக் காயவைத்த பிறகே போர்த்த வேண்டும். அந்துருண்டை நெடியோடு அப்படியே குழந்தை மேல் போடுவதுதான் அந்த வருஷத்தின் முதல் வீசிங்குக்குப் பல வீடுகளில் காரணம். கரடி பொம்மையைத் தூக்கிப் போட மனம் வராதென்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து, பிறகு துவையுங்கள்.

துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி அதே இடத்தில் இறங்கும். ஈரத்துணியால் துடைப்பது மேல். ஒட்டடை அடிக்கும் நாளில் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கரப்பான் பூச்சியின் எச்சமும் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய அலர்ஜி. இரவில் எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு வைக்காமல் இருப்பதும் நுரையீரல் பராமரிப்புதான். ஓதம் ஏறிய சுவருக்குப் பெயின்ட் அடிப்பது பூஞ்சைக்குப் புதுச் சட்டை போடுவதுதான். கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால்.

மூக்கில் தொடங்குகிறது

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கிறது. மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்ப வேண்டிய காற்று பச்சையாக உள்ளே போகிறது. அதனால் மூக்கைக் கவனிப்பது நெஞ்சைக் கவனிப்பது.

யோகக்காரர்கள் ஜலநேதி என்று சொல்லும் உப்புநீர்க் கழுவலுக்கு இன்றைய மருத்துவமும் தலையசைக்கிறது. மருந்தில்லாமல் மூக்கொழுகலையும் அடைப்பையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, இளஞ்சூடு. ஒரே ஒரு கண்டிப்பான நிபந்தனை: தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் எதுவும் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா எவ்வளவு கொடியது என்பதைக் கேரளத்துச் செய்திகள் அண்மை ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன.

ஆவி பிடிப்பது? மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேர இதம். ஆஸ்துமாவுக்கு அதனால் பலன் இல்லை. நீலகிரித் தைலத்தின் காரம் சிலருக்கு மூச்சுக்குழலை இன்னும் இறுக்கிவிடும். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வரும் பிள்ளைகளைத் தீக்காயப் பிரிவுகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கின்றன. சிறு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையிலிருந்து நெபுலைசர் வரை

ஆங்கில மருந்து ஒரு பக்கம், இயற்கை மருந்து எதிர்ப்பக்கம் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு, மூச்சு விஷயத்தில் அத்தனை நேராக இல்லை. ஆடாதோடையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலியோரம் வளரும் அந்தக் கசப்பு இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பின்பற்றி 1960-களில் ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் செய்தார்கள். அதிலிருந்து வந்தது அம்ப்ராக்சால். இன்று சளியை இளக்க டாக்டர் எழுதித்தரும் சிரப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தால் இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஆடாதோடை மணப்பாகை ஏளனமாகப் பார்க்கும் பேரன் குடிப்பதும் ஆடாதோடையின் வம்சத்தைத்தான்.

ஊமத்தை கதை இன்னும் சுவாரஸ்யம். இளைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்த ஊர் வழக்கத்தைக் கவனித்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். கம்பெனி ஆட்சியில் மதராஸின் தலைமை மருத்துவர், தாவர ஆராய்ச்சிக்காரர். அவரிடமிருந்து ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி வழியாக 1802-ல் அது பிரிட்டனுக்குப் போனது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் 'ஆஸ்துமா சிகரெட்' அமோகமாக விற்றது. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் புரூஸ்த் அதைப் பிடித்தவர்களில் ஒருவர். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழலைத் தளர்த்தும். அளவு தவறினால் பிதற்றலும் மரணமும். அந்த அட்ரோபினைத் திருத்தி, விஷத்தன்மை குறைத்து உருவாக்கிய இப்ராட்ரோபியம்தான் இன்று நெபுலைசரில் ஊற்றும் கலவையில் ஒரு பாதி. ஊமத்தையை வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

தேயிலையில் 1888-ல் கண்டுபிடிக்கப்பட்ட தியோபிலின், நம் ஊர் முதியவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் டெரிபிலின் மாத்திரைக்கு மூலம். காபியில் உள்ள காஃபினுக்கும் சில மணி நேரம் மூச்சுக்குழலை லேசாகத் தளர்த்தும் குணம் உண்டு. சுக்குக் காபியில் பெரும்பாலும் காபி இருப்பதில்லை. தொண்டைக்கு அது தரும் இதம் இஞ்சியின் காரமும் சூடும் தருவது. அதுவும் வேண்டியதுதானே.

கஷாயங்களின் இடம் இதுதான். தூதுவளை ரசம், மிளகுப் பால், தேன் ஒரு ஸ்பூன் எல்லாம் இருமலைத் தணிக்கும், தூங்க விடும். தேன் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கூடாது. அதிமதுரம் தினமும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஹைதராபாத்தில் வாய்க்குள் உயிருள்ள விரால் குஞ்சைப் போட்டுக்கொள்ள லட்சக்கணக்கில் கூடுகிறார்கள், இங்கிருந்தும் ரயிலேறிப் போகிறவர்கள் உண்டு. அது ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாக இதுவரை எந்த முறையான சோதனையும் காட்டவில்லை.

சாப்பாட்டுத் தடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, கொய்யா கூடாது, ஆரஞ்சு கூடாது. வீசிங் பிள்ளைக்குக் கடைசியில் மிஞ்சுவது இட்லியும் வெந்நீரும். பால் சளியைப் பெருக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. குறிப்பிட்ட ஒன்றைத் தின்றால் ஒவ்வொரு முறையும் இளைப்பு வருகிறதென்றால் அதை மட்டும் நிறுத்துங்கள். வளரும் பிள்ளையின் பழத்தைப் பறிக்க வேண்டாம்.

ஊதிப் பாருங்கள்

மூச்சுப் பயிற்சி உதவும். வயிறு எழும்ப மெதுவாக இழுப்பது, உதட்டைக் குவித்து நீளமாக விடுவது, நாடிசுத்தி. ஆஸ்துமா உள்ளவர்களின் பதற்றமும் வேக மூச்சும் குறைகின்றன, அன்றாட வாழ்க்கை எளிதாகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சுக்குழலின் உள்ளே இருக்கும் அழற்சியை அது ஆற்றுவதில்லை. இளைப்பு வந்த நேரத்தில் கபாலபாதி செய்வது வம்பை விலைக்கு வாங்குவது.

அழற்சிக்கான தடுப்பு மருந்து, மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு. இங்கேதான் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. 'பஃப் பழகிடும்', 'அது கடைசி மருந்து'. பெண் பார்க்க வரும் நாளில் இன்ஹேலர் அலமாரிக்குள் புடவைக்கு அடியில் போகும் வீடுகள் எத்தனையோ. ஆனால் மூச்சுக்குழலைத் தளர்த்தும் 4 மில்லிகிராம் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றை யோசிக்காமல் விழுங்குகிறோம். அதே மருந்தின் பஃப் ஒன்றில் இருப்பது 100 மைக்ரோகிராம், அதாவது அந்த மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மருந்து போக வேண்டிய இடத்துக்கே போவதால் அவ்வளவு போதும். உடம்பில் குறைவாக ஏறுவதுதான் இயற்கையோடு ஒத்தது என்றால், இரண்டில் எது இயற்கை முறை?

உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களில் நம் பங்கு 42 சதவீதத்துக்கு மேல் என்கிறது 2019-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு. நோய் இங்கே கடுமையானது என்பதைவிட, மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதே இதற்குப் பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. மூச்சு முட்டும்போது மட்டும் உடனடி நிவாரண பஃப் அடித்து, அழற்சியை அப்படியே விட்டுவிடும் முறையை உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே கைவிட்டுவிட்டது.

கொசுவத்தியை நிறுத்தியதும் மெத்தையை வெயிலில் போட்டதும் கஷாயம் குடித்ததும் பலன் தந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கருவி உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர். மின்சாரம் வேண்டாத பிளாஸ்டிக் குழாய். ஆழமாக இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். முள் எங்கே போய் நிற்கிறதோ அந்த எண்ணைக் காலையும் இரவும் தினசரி காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். நன்றாக இருந்த நாட்களில் வந்த அதிகபட்ச எண்தான் உங்கள் அளவுகோல். அதில் 80 சதவீதத்துக்கு மேல் ஊத முடிகிறதென்றால் செய்துகொண்டிருப்பதைத் தொடரலாம். கஷாயக்காரர்களும் பஃப்காரர்களும் சண்டை போடாமல் ஒப்புக்கொள்ள வேண்டிய எண் அது. 50-க்கும் 80-க்கும் இடையே இறங்கினால், வீட்டில் புதிதாக என்ன புகைகிறது, எது ஊறியிருக்கிறது, தடுப்பு மருந்தை எத்தனை நாள் மறந்தோம் என்று பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். 50-க்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நிவாரண பஃப்பை ஸ்பேசர் என்ற இணைப்புக் குழாய் வழியாகக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அடுப்பில் எது கொதித்துக்கொண்டிருந்தாலும் அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.